வால்வை மூடிய நாள்

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்போடவே வாங்க, பரவாயில்ல. இந்தத் தரை பாக்காத அசிங்கமா? என் பொண்டாட்டி பூங்காவனத்தோட அக்கா வீட்டுலேர்ந்து அனுப்பினாங்க, அதானே? நீங்க தெருமுனையில டெம்போவைத் திருப்பும்போதே தெரிஞ்சுக்கிட்டேன். தையல் மெஷின், பீரோ, கிரைண்டர். எடுத்துக்குங்க. நான் ஒண்ணும் குறுக்க நிக்கப்போறதில்ல. ஆனா இந்த மழையில ஏத்தினீங்கன்னா ஆவடி போய்ச் சேர்றதுக்குள்ள மெஷின் நனைஞ்சு நாசமாயிடும். உங்க தார்ப்பாய்ல கிழிசல் இருக்கு, ஜன்னல் வழியாப் பாத்தேன். கொஞ்சம் விடட்டும். உக்காருங்க, டீ போடறேன். இப்பல்லாம் நல்லாவே போடறேன். அவ போனதுக்கு அப்புறம் கத்துக்கிட்டது.

என்ன சொல்லி அனுப்பினாங்க? ஒண்ணும் சொல்லலியா? சும்மா சொல்லாதீங்க தம்பி. "அந்த ஆள்கிட்ட வாயைக் குடுக்காத, சாமானை எடுத்துக்கிட்டு வந்துக்கிட்டே இரு"ன்னு சொல்லியிருப்பாங்க. பாத்தீங்களா, சிரிக்கிறீங்க. அவங்க சொன்னதை நீங்க கேட்டாச்சு. என் பக்கத்தையும் கேட்டுட்டுப் போங்க. யாருமே கேக்கலை தம்பி. இந்த பில்டிங்ல என்கிட்ட பேசறதையே நிறுத்திட்டாங்க. நான் படியில ஏறினா கதவைச் சாத்தறாங்க. நான் செகரட்டரி, தெரியுமா? எலெக்‌ஷன் வச்சாங்க, நான் நின்னேன், எதிர்த்து ஒருத்தனும் நிக்கல. அவ்ளோ மரியாதை இருந்துச்சு.

அந்தச் சுவத்தைப் பாருங்க. பெயிண்டுக்கு அடியில ஒரு கோடு தெரியுது இல்ல? உங்க முழங்கால் உசரத்துக்கு. எத்தனை கோட்டிங் அடிச்சாலும் மேல வந்துடுது. அது வெறும் தண்ணி நின்ன கோடு இல்ல. சாக்கடை நின்ன கோடு.

முதல் தடவை வந்தது போன வருஷத்துக்கு முந்தின தீபாவளி. காலையில எண்ணெய் தேச்சுக்கிட்டு பாத்ரூம் போறேன், தரையில தண்ணி போற ஜாலி வழியா 'குளுக் குளுக்'னு சத்தம். குனிஞ்சு பாக்கறேன், கறுப்பா மேல வருது. திரும்பிப் பாத்தா கக்கூஸ்லேர்ந்து பொங்கி வழியுது. என்னோடது இல்ல தம்பி, ஊரோடது. ஊர்ல இருக்கிறவன் எல்லாம் போனது என் ஹால்ல மிதக்குது. பூங்காவனம் வீட்டுலயே பிளவுஸ் தைப்பா. தீபாவளியோட முகூர்த்தமும் சேர்ந்து வந்ததால ஒரு கல்யாணப் பொண்ணோட பட்டு பிளவுஸ் எல்லாம் கீழ மூட்டையா வச்சிருந்தா. அத்தனையும் ஊறிப்போச்சு. அவ அதையெல்லாம் மடியில போட்டுக்கிட்டு அந்த அசிங்கத்துலயே உக்காந்து அழுதா. முப்பது வருஷம் குடித்தனம் பண்ணியிருக்கேன், அவ அப்படி அழுது நான் பாத்ததில்ல. எனக்கு உள்ள ஏதோ பத்திக்கிச்சு. நான் செஞ்சது எல்லாமே அதுக்கு அப்புறம்தான். அவளுக்காகத்தான். அதை நீங்க அங்க போய்ச் சொல்லணும்.

என்ன செஞ்சேனா? ஒரு பக்கெட்ல அதை அள்ளினேன். நேரா மாடிக்குப் போனேன். எங்க தலைக்கு மேல பெனடிக்ட்டுன்னு ஒருத்தன், டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்கான். கதவைத் தட்டினேன். புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு, தீபாவளிப் பலகாரம் குடுக்க வந்திருக்கேன்னு நினைச்சு சிரிச்சுக்கிட்டே திறந்தான். தலையோட ஊத்தினேன். "உங்க வீட்டுது, வாங்கிக்க"ன்னு சொன்னேன். நியாயம்தானே? மேல இருக்கிறவன் விடறதுதானே கீழ வருது?

அவன் அன்னிக்கு என்னை அடிக்கல. அதை நான் ஒத்துக்கறேன். வாயைத் துடைச்சுக்கிட்டு, "சார், இது எங்க வீட்டுது இல்ல சார். ரோட்டு மேன்ஹோல் ரொம்பி ரிவர்ஸ்ல வருது. இந்தத் தெருவுல கீழ்வீடு எல்லாத்துலயும் இப்படித்தான்"னான். அன்னிக்கே அவன் கீழ வந்து பூங்காவனத்தோட சேர்ந்து தண்ணியை வாரி வெளிய கொட்டினான். குற்ற உணர்ச்சி. வேற எதுக்கு வரப்போறான்?

அப்புறம் மொட்டை மாடியில மீட்டிங் போட்டோம். பெனடிக்ட்டுதான் நிறைய பேசினான். இந்த இடம் ஒரு காலத்துல ஏரி, பேரே ஏரிக்கரை நகர். மழை வலுத்தா ரோட்டு டிரெய்னேஜ் ரொம்பிடும், ரொம்பினா நம்ம காம்பவுண்டுல இருக்கிற கடைசி சேம்பர், அதான் சாக்கடைத் தொட்டி, அது வழியா உள்ள வரும். அந்த சேம்பர்ல தானா மூடிக்கிற வால்வு ஒண்ணு வைக்கலாம், கீழ்வீட்டுக் கக்கூஸை மேடு பண்ணலாம், ஒரு பம்பு வச்சு நம்ம அழுக்கை வெளியேத்தலாம், எல்லாரும் செலவைப் பிரிச்சுக்கலாம்னு சொன்னான். நான் சொன்னேன், தானா மூடிக்கிறதை எல்லாம் எப்படிய்யா நம்பறது? மனுஷன் கையால மூடினாத்தான் மூடினது. கையால மூடற வால்வு போதும், நான் மூடறேன். பம்பும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

போட்டாச்சு. சேம்பருக்குள்ள வால்வு. மேலேர்ந்து திருப்பறதுக்கு இரும்புக் கம்பி, மேல குறுக்கால கைப்பிடி வச்சது, இடுப்பு உசரம் இருக்கும். அதை நான்தான் வச்சிருப்பேன். வேற யார் கையிலயும் குடுக்கறதில்ல. சேம்பர் மூடியையெல்லாம் சிமெண்ட் வச்சு இறுக்கப் பூசினேன், கம்பி போற ஓட்டையைத் தவிர. வாசப்படியில முழங்கால் உசரம் கட்டை கட்டினேன். இன்னொரு வேலையும் பண்ணினேன். மொட்டை மாடி மழைத்தண்ணி பைப்பு முன்னாடி மழைநீர்த் தொட்டியில விழும். அந்தத் தொட்டி ரொம்பினா என் வாசல்லதான் வழியும். அதைக் கழட்டி, முழங்கை பைப்பு ஒண்ணு வாங்கி, நேரா நம்ம டிரெய்னேஜ் சேம்பருக்குள்ள விட்டுட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க நானே உக்காந்து செஞ்சது. ஒரு சொட்டு ஒழுகாது. வெளிய போகும்போது பாருங்க, பிளம்பர் செஞ்ச மாதிரி இருக்கும்.

அப்புறம் ரூல் போட்டேன். மழை வலுத்தா நான் வால்வை மூடுவேன். மூடிட்டா மேல ஒரு வீட்டுலயும் தண்ணி விடக்கூடாது. ஏன்னா வெளிய போக வழி கிடையாது, விட்டா என் தலையிலதான் விடியும். இதுல தப்பு இருக்கா? பெனடிக்ட் பொண்டாட்டி ஸ்டெல்லா, அப்பதான் குழந்தை பெத்து வந்திருந்தா, "எவ்ளோ நேரம் அங்கிள்?"னு கேட்டா. மழை விடற வரைக்கும்னு சொன்னேன். "ரெண்டு நாள் பெய்ஞ்சா?" ரெண்டு நாள்தான். "கைக்குழந்தை வச்சிருக்கேன் அங்கிள், துணி அலசணும், நாங்களும் மனுஷங்கதானே, பாத்ரூம் போக மாட்டோமா?" நான் சொன்னேன், "பெத்துக்கறதுக்கு முன்னாடி யோசிச்சிருக்கணும்." எல்லாரும் என்னை ஒரு மாதிரி பாத்தாங்க. பூங்காவனம் எழுந்து கீழ போயிட்டா. காமெடியா சொன்னது தம்பி அது. யாருக்கும் சிரிக்கத் தெரியலை.

சக்கரை போதுமா தம்பி? குடிங்க.

போன ஐப்பசியில லேசா ஒரு மழை. லேசுதான், ஆனா ரிஸ்க் எடுக்க முடியுமா? வால்வை மூடினேன். வாய் வார்த்தையை நம்ப முடியாதுன்னு மாடி டேங்க்லேர்ந்து வீடுங்களுக்கு வர்ற வால்வையும் சாத்தி, சங்கிலி சுத்திப் பூட்டுப் போட்டேன். சாவி என் இடுப்புல. மத்தியானம் படியில காலடிச் சத்தம். போய்ப் பாத்தா நம்ம வீட்டம்மா. அடி பம்புல தண்ணி அடிச்சு, குடம் குடமா ஸ்டெல்லாவுக்குத் தூக்கிட்டுப் போறா! யாருக்காக நான் இந்தப் பாடு படறேனோ அவளே! "கீழ வை"ன்னேன். "குழந்தைக்குங்க"ன்னா. "கீழ வைடி"ன்னேன். அவ இன்னொரு படி ஏறினா. காலால ஒரு எத்து விட்டேன். குடத்தைத்தான் தம்பி, அவளை இல்ல. குடம் உருண்டு வந்து அவ கால் கட்டைவிரல்ல விழுந்துடுச்சு. நகம் பேந்துடுச்சு. அதுக்கு நான் என்ன பண்றது, குடத்துக்குக் கண்ணா இருக்கு? நானேதான் மஞ்சப்பத்துப் போட்டேன். பக்கத்துல உக்காந்து ஊதிக்கூட விட்டேன். அதையெல்லாம் அவ அங்க சொல்ல மாட்டா.

அன்னிக்கு சாயந்திரம் பெனடிக்ட் பூட்டை உடைச்சிட்டான். நான் மேல போய் சட்டையைப் பிடிச்சேன், அவன் என் கையைத் தட்டிவிட்டான், நான் ஒரு அறை விட்டேன். அவன் மூக்குக்கண்ணாடி தெறிச்சுது. "வயசுல பெரியவராச்சேன்னு பாக்கறேன் சார்"னான். பாக்காதேடா, வாடான்னேன். வரல. வராதவன்கிட்ட என்ன பண்றது? கீழ கிடந்த கண்ணாடியை மிதிச்சுட்டு வந்துட்டேன்.

இப்ப அந்த நாளுக்கு வர்றேன். அதைத்தானே நீங்க கேக்கணும்னு இருக்கீங்க.

காலையிலேயே வானம் கிழிஞ்ச மாதிரி கொட்டுது. ரோட்டுல தண்ணி ஏறுது. எதிர்வீட்டு பைக் சக்கரம் பாதி மூழ்கிடுச்சு. நான் ரெயின்கோட்டைப் போட்டுக்கிட்டு வால்வை மூடினேன், மேல போய் டேங்கைப் பூட்டினேன். இந்தத் தடவை பெரிய பூட்டு. கீழ வந்து படிக்கட்டு அடியில ஒரு சேரைப் போட்டு, கம்பியை மடியில வச்சுக்கிட்டு உக்காந்தேன். எல்லா வீட்டுக்கும் கேக்கிற மாதிரி கத்தினேன், "ஒருத்தனும் தண்ணி விடக்கூடாது. விட்டா மரியாதை கெட்டுடும்!" பூங்காவனம் வாசல்ல நின்னு, "உள்ள வந்து சாப்பிடுங்க"ன்னா. "நீ போய் உன் வேலையைப் பாரு"ன்னேன். உள்ள வீடு காஞ்சு கிடக்கு. தெருவே நாறுது, என் வீடு மட்டும் காஞ்சு கிடக்கு. எவ்ளோ பெருமையா இருந்துச்சு தெரியுமா.

கொஞ்ச நேரம்தான். உள்ளேர்ந்து அவ கூப்பிடறா, "என்னங்க, பாத்ரூம்ல சத்தம் வருது." ஓடிப் போய்ப் பாத்தேன். அதே 'குளுக் குளுக்'. அதே கறுப்பு. ஜாலி வழியா வருது. வால்வு மூடியிருக்கு, ரோட்டுத் தண்ணி வர முடியாது. அப்ப இது எங்கேர்ந்து வருது? மேலேர்ந்துதானே வரணும்! என் பேச்சை மீறி எவனோ தண்ணி விடறான்னுதானே அர்த்தம்? நீங்களா இருந்தா என்ன நினைப்பீங்க?

கம்பியோட மேல ஏறினேன். பெனடிக்ட் கதவைத் தட்டல, உதைச்சேன். ரெண்டு உதையில தாழ்ப்பாள் பேந்து வந்துச்சு. உள்ள அவனைக் காணோம். ஸ்டெல்லா குழந்தையை மார்போட அணைச்சுக்கிட்டு மூலையில ஒட்டிக்கிட்டா. நேரா பாத்ரூமுக்குப் போனேன். ஒரு டிரம்முல தண்ணி பிடிச்சு வச்சிருந்தாங்க. கம்பியால போட்டேன் ஒண்ணு, டிரம் பொளந்துச்சு. வாஷ்பேசினைப் போட்டேன். கண்ணாடியைப் போட்டேன். குழந்தை வீல்னு கத்துது. "யாருடி தண்ணி விட்டது?" "யாரும் விடலை அங்கிள், சத்தியமா யாரும் விடலை!" "அப்ப என் வீட்டுல எப்படி வருது?" அப்பதான் அவ பெரிய பேச்சு பேசினா. "அங்கிள், நீங்க மாட்டின பைப்பு! மொட்டை மாடி மழைத்தண்ணி மொத்தமும் அந்த சேம்பர்லதானே விழுது! வால்வை மூடிட்டா அது எங்க போகும்? உங்க வீட்டுக்குத்தான் வரும்!"

பாத்தீங்களா? பத்து நிமிஷத்துல பழியை என் மேலயே திருப்பிட்டா. பி.காம். படிச்சவ, பைப்பைப் பத்திப் பேசறா. மழைத்தண்ணின்னா தெளிவாதானே இருக்கணும்? என் வீட்டுக்கு வந்தது கறுப்பா இருந்துச்சு. நான் அதைக் கேட்டேன். அவ வாயைப் பொத்திக்கிட்டு அழறா.

அதுக்குள்ள கீழ ஏதோ சத்தம். படியில எட்டிப் பாத்தா, பெனடிக்ட். கொட்டற மழையில நின்னுக்கிட்டு, ஹேக்ஸா பிளேடால என் பைப்பை அறுக்கிறான். நான் ஞாயித்துக்கிழமை முழுக்க உக்காந்து மாட்டின பைப்பை! பக்கத்துல பூங்காவனம் நின்னு அவனுக்குக் குடை பிடிக்கிறா.

எனக்கு அதுக்கு அப்புறம் எப்படி இறங்கினேன்னே தெரியல. காம்பவுண்டுல கெண்டைக்கால் அளவு தண்ணி. "நிறுத்துடா!"ன்னேன். "ஒரு நிமிஷம் சார், இதை அறுத்து விட்டுட்டா உங்க வீட்டுல ஏறறது நின்னுடும் சார்"னான். திரும்பிக்கூடப் பாக்கல, அறுத்துக்கிட்டே சொல்றான். கம்பியை ஓங்கி அவன் மணிக்கட்டு மேல போட்டேன். முருங்கைக்காய் ஒடிக்கிற மாதிரி ஒரு சத்தம். பிளேடு தண்ணியில விழுந்துச்சு. அவன் கத்தல தம்பி, கையைப் பாத்துக்கிட்டு அப்படியே நின்னான். அப்புறம்தான் அவனுக்கு வெறி வந்துச்சு. தலையால என் வயித்துல முட்டினான். ரெண்டு பேரும் விழுந்தோம். என் வாய்க்குள்ள சாக்கடை போச்சு. அவன் முழங்காலை என் நெஞ்சுல வச்சு அழுத்தறான், நல்ல கையால என் மூஞ்சியில குத்தறான். இதோ பாருங்க, இந்தப் பல்லு அப்ப ஆடினது, இன்னும் ஆடுது. அறுபது வயசுக்காரனை அடிக்கிறான்! அதை யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க.

நான் அவன் ஒடிஞ்ச கையைப் பிடிச்சு முறுக்கினேன். அப்பத்தான் கத்தினான். புரட்டிப் போட்டுட்டேன். பிடரியைப் பிடிச்சு மூஞ்சியைத் தண்ணிக்குள்ள வச்சு அமுக்கினேன். மேல ஸ்டெல்லா பால்கனியில நின்னு, "விடுங்க அங்கிள், விடுங்க, செத்துடுவாரு"ன்னு அலறறா. கால் உதைச்சுக்குது. குமிழி குமிழியா வருது. கொல்லணும்னு இல்ல தம்பி. என்ன ருசின்னு தெரியட்டும்னுதான். என் வீட்டுல வந்தது என்னன்னு அவனுக்குத் தெரிய வேணாமா?

கண்ணோரத்துல பூங்காவனம் வர்றதைப் பாத்தேன். எனக்கு உதவிக்கு வர்றான்னுதான் நினைச்சேன். அவ என்னைத் தாண்டிப் போனா. நேரா அந்த பைப்புக்குப் போனா. பாதி அறுந்திருந்தது. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, ரெண்டு கையாலயும் பைப்பைப் பிடிச்சு, சுவத்துல காலை ஊணி ஒரு இழுப்பு இழுத்தா பாருங்க. அவளுக்கு அவ்ளோ பலம் எங்கேர்ந்து வந்துச்சோ. மளுக்குன்னு கையோட வந்துடுச்சு. மாடித் தண்ணி மொத்தமும் அருவி மாதிரி அவ தலைமேல கொட்டுது. அதுல நின்னுக்கிட்டு என்னைப் பாத்துச் சொல்றா, "அவனை விடுய்யா."

விடுய்யா! முப்பது வருஷத்துல என்னை அப்படிக் கூப்பிட்டதில்ல. 'ங்க' போட்டுத்தான் பேசுவா. ஊரே பாக்கறப்ப!

எழுந்தேன். கீழ கிடந்த கம்பி எப்படியோ திரும்ப கையில இருந்துச்சு. நான் பைப்பைத்தான் பாத்து ஓங்கினேன். அவ கையில பைப்பை வச்சிருந்தா இல்ல? அதைத்தான். அவ இடையில வந்துட்டா. தோளுக்கும் கழுத்துக்கும் நடுவுல, இந்தக் காறை எலும்புல பட்டுது. ஒரு தடவைதான். ரெண்டு தடவைன்னு ஸ்டெல்லா போலீஸ்ல சொல்லியிருக்கா, மேலேர்ந்து பாக்கிறவளுக்கு என்ன தெரியும்? அப்படியே சுவத்துல சாஞ்சு சறுக்கிக்கிட்டு உக்காந்தா. அழல. என்னைப் பாத்துக்கிட்டே இருந்தா. அவ அழுதிருந்தா நான் பக்கத்துல போயிருப்பேன்.

பெனடிக்ட் இருமிக்கிட்டு எழுந்தான். ஒரு கை தொங்குது. வந்து அவளைத் தூக்கினான். மேல இருந்து எல்லாரும் இறங்கி வந்துட்டாங்க, என்னைச் சுத்தி நின்னுக்கிட்டாங்க, எவனோ கம்பியைப் பிடுங்கி மூலையில வீசிட்டான். பெனடிக்ட்டும் ஸ்டெல்லாவும் அவளை ரெண்டு பக்கமும் தாங்கிக்கிட்டு, அந்த முழங்கால் தண்ணியில மெயின் ரோடு வரைக்கும் நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க. குழந்தையை எதிர்வீட்டுல குடுத்துட்டுப் போனாங்க. "நீங்களும் வாங்கய்யா"ன்னு ஒருத்தர் சொன்னாரு. நான் எப்படிப் போறது? வீட்டுக்குள்ள அவ்ளோ தண்ணி. யாராவது வீட்டைப் பாக்கணுமே. நான் துடைப்பத்தை எடுத்துக்கிட்டேன்.

ஒரு விஷயம் சொல்றேன், கேளுங்க. அதுக்கு அப்புறம் தண்ணி ஏறவே இல்ல. அந்தக் கோட்டுல நின்னுடுச்சு. சாயந்திரம் ரோட்டுத் தண்ணி வடிஞ்சதும் நான் வால்வைத் திறந்தேன், மொத்தமும் மளமளன்னு வெளிய போயிடுச்சு. வால்வு வேலை செஞ்சுது! நான் சொன்னது சரியாப் போச்சு! அதைச் சொல்லலாம்னு பாத்தா வீட்டுல யாரும் இல்ல.

ஆஸ்பத்திரியில டாக்டர் கேட்டப்ப, வழுக்கி விழுந்துட்டேன்னுதான் பூங்காவனம் சொல்லியிருக்கா. அவளே சொல்லிட்டா பாத்தீங்களா? பெனடிக்ட்டுதான் ஸ்டேஷனுக்குப் போனான். என்னை ஒரு நாள் உக்கார வச்சாங்க. அப்புறம் பூங்காவனம் அவன்கிட்ட கேட்டுக்கிட்டாளாம், கேஸ் வேணாம்னுட்டான். அவனுக்கு மணிக்கட்டு சரியா கூடலை, கியர் போட முடியலைன்னு ஸ்கூல்ல வேற ஆளு வச்சிருக்கான். எனக்கும்தான் பல்லு ஆடுது. நான் யார்கிட்டயாவது சொல்லிக்கிட்டுத் திரியறேனா?

அவ ஆஸ்பத்திரியிலேர்ந்து நேரா ஆவடி போயிட்டா. நான் ரெண்டு தடவை போனேன். அவ அக்கா கதவைத் திறக்கல. ஜன்னல் வழியா, "அவ தூங்கறா"ன்னாங்க. பகல்ல தூங்கற பொம்பளையா அவ? மெஷின் சத்தம் இல்லாம ஒரு பகல் போனதில்ல இந்த வீட்டுல. சரி, உடம்பு தேறட்டும், வருவான்னு விட்டேன். இந்த ரெண்டு மாசத்துல நான் சும்மா இருக்கல. பாத்ரூமை மேடு பண்ணிட்டேன். டைல்ஸ் மாத்திட்டேன், அவளுக்குப் பிடிச்ச பச்சை. பிஞ்சு கிடந்த பைப்பையும் திரும்ப சேம்பர்லயே மாட்டிட்டேன், முன்னைவிட ஸ்ட்ராங்கா, கிளாம்ப் எல்லாம் போட்டு. வந்து பாத்தா சந்தோஷப்படுவா. அதைச் சொல்லுங்க, மறந்துடாதீங்க. பச்சை டைல்ஸ்னு சொல்லுங்க.

மழை விட்ட மாதிரிதான் இருக்கு. சரி, வாங்க. பீரோவை அப்புறம் பாப்போம், கனம். முதல்ல மெஷின். இதை அப்படியே தூக்க முடியாது, ஸ்டாண்டுலேர்ந்து தலையைக் கழட்டணும். நானே கழட்டித் தரேன், உங்களுக்கு இது பழக்கம் இருக்காது. இந்த நட்டு துருப்பிடிச்சிருக்கு. எல்லாம் அந்தத் தண்ணியில நின்னதுதான். ஆமா, ஒண்ணு கேக்கறேன், அந்தக் கையை வச்சுக்கிட்டு அவ எப்படித் தைப்பா? துணியைத் தள்றதுக்கு அந்தத் தோள் வேணுமே. கேட்டீங்களா? யாருமே அவகிட்ட இதைக் கேட்டிருக்க மாட்டாங்க. நான்தான் கேக்கணும் எல்லாத்தையும்.

உங்க போன் அடிக்குது. எடுங்க. யாரு? அவளா? பூங்காவனமா? குடுங்க இப்படி... சரி சரி, குடுக்க வேணாம், நீங்களே பேசுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன். குரலை மட்டும் கேக்கறேன். ரெண்டு மாசமாச்சு தம்பி. போடுங்க.

"தம்பி, நான் பூங்காவனம் பேசறேன். உள்ள போயிட்டியா? அவரு பக்கத்துல இருக்காரா? பதில் சொல்ல வேணாம், நான் கேக்கறதுக்கு உம்னு மட்டும் சொல்லு. அவரு கையில ஏதாவது வச்சிருக்காரா?"

சொல்லுங்க தம்பி. ஏன் என் கையைப் பாக்கறீங்க? ஸ்பேனர்னு சொல்லுங்க. மெஷினைக் கழட்டறாருன்னு சொல்லுங்க. உங்க கண்ணு முன்னாடிதானே எடுத்தேன்? ஒண்ணும் இல்லேன்னாவது சொல்லுங்க. சொல்லுங்கன்றேன்ல!

எங்க போறீங்க? வாசக்கட்டை இருக்கு, பின்னாடி பாத்துப் போங்க, தடுக்கிடும். தம்பி. இந்த ஒரு நட்டுதான் பாக்கி. வந்து அந்தப் பக்கம் பிடிங்க.